நாகப்பட்டினம் கடற்போர், 1782: கேள்வியும் பதிலும்

கேள்வி: ஐயா, எங்கள் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடலில் மோதினார்களாமே. யார் வென்றார்கள்?

யாரும் வெல்லவில்லை. 1782 ஜூலை 6 அன்று, பக்கத்துக்கு 11 போர்க்கப்பல்களாக மோதினார்கள். ஆங்கிலேயருக்கு எட்வர்ட் ஹியூஸ் தளபதி, பிரெஞ்சுக்காரருக்கு சுஃப்ரான். ஒரு கப்பலும் மூழ்கவில்லை, ஒன்றும் பிடிபடவில்லை. ஆனால் ஆங்கிலேயரில் 77 பேரும் பிரெஞ்சுக்காரரில் 178 பேரும் இறந்தார்கள். அந்த வருடத்தில் இந்த இருவருக்கும் இடையே இது மூன்றாவது போர். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினத்துக்கு அப்பால் ஒன்று, ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரையோரம் ஒன்று. அவற்றிலும் முடிவு கிடைக்கவில்லை.

கேள்வி: ஏன் நாகப்பட்டினம்?

அது டச்சுக்காரரின் ஊராக இருந்தது. 1781 நவம்பரில் ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரருக்கு டச்சுக்காரரும் ஹைதர் அலியும் கூட்டாளிகள். ஊரை மீட்கும் எண்ணத்தோடு சுஃப்ரான் கடலூரிலிருந்து வந்தார். வந்தபோது ஹியூஸ் அங்கே காத்திருந்தார்.

கேள்வி: நான் மீனவர் குடும்பம். ஜூலையில் எங்கள் கடலில் காற்று நண்பகலுக்கு மேல் திரும்பும். அன்றும் திரும்பியதா?

திரும்பியது, அம்மா. அந்தப் போரின் உயிரே அதில்தான் இருக்கிறது. காலையில் தென்மேற்குக் காற்று. காற்று வரும் பக்கத்தை ஹியூஸ் முதலிலேயே பிடித்துவிட்டார். எதிரியின் மீது எப்போது பாய்வது என்பதை அந்தப் பக்கத்தில் இருப்பவரே தீர்மானிக்கலாம். பதினொரு மணியளவில் சண்டை தொடங்கியது. இரு வரிசைகளும் இணையாக நகர்ந்தபடி பீரங்கியால் அடித்துக்கொண்டன. மதியம் கடந்ததும் கடலிலிருந்து சோழகம் என்ற தெற்குக் காற்று திடீரென்று அடித்தது. பாய்கள் எதிர்க்காற்றில் பின்னுக்கு மடிந்தன. சில கப்பல்கள் ஒரு பக்கம் திரும்பின, சில மறுபக்கம். இரண்டு வரிசைகளும் கலைந்துபோயின. நீங்கள் சின்ன வயதிலிருந்து அறிந்த காற்றுதான் இரண்டு பேரரசுகளின் கணக்கையும் குலைத்தது. கரையில் நின்று இதைப் பார்த்திருக்கக்கூடிய உங்கள் முன்னோரின் சாட்சியத்தை யாரும் எழுதி வைக்கவில்லையே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

கேள்வி: ஒரு பிரெஞ்சுக் கப்பல் சரணடைந்ததாகப் படித்தேன். பிறகு எப்படி "எதுவும் பிடிபடவில்லை" என்கிறீர்கள்?

அது 'சேவேர்' என்ற கப்பல். காற்று திரும்பிய குழப்பத்தில் தனியே மாட்டிக்கொண்டது. அதன் தலைவர் கொடியை இறக்கச் சொல்லிவிட்டார். கீழிருந்த அதிகாரிகள் மறுத்தார்கள், பீரங்கிகளை மீண்டும் இயக்கினார்கள். மறுநாள் ஹியூஸ், கொடி இறங்கிய கப்பல் எங்களுடையது, ஒப்படையுங்கள் என்று ஆள் அனுப்பினார். கயிறு அறுந்ததால் கொடி விழுந்தது என்று சொல்லி சுஃப்ரான் மறுத்துவிட்டார். அந்தத் தலைவரைப் பிறகு பதவியிலிருந்து நீக்கி அனுப்பினார். இதில் ஹியூஸ் பக்கம் நியாயம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: இவ்வளவு குண்டு வாங்கியும் கப்பல்கள் ஏன் மூழ்கவில்லை?

தடித்த மரச்சுவர் குண்டைத் தாங்கும். நீர்மட்டத்துக்கு மேலே விழும் ஓட்டையைத் தச்சர்கள் அடைத்துவிடுவார்கள். சாவது கப்பல் அல்ல, சிதறும் மரச்சிம்புகளால் உள்ளே இருக்கும் மனிதர்கள். பாய்மரமும் கயிறும் போனால் கப்பல் நகராது, அவ்வளவுதான்.

கேள்வி: முடிவே இல்லாத போரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்?

முடிவு அன்றைய நாளில் இல்லை, அடுத்த எட்டு வாரங்களில் இருக்கிறது. இதை வலியுறுத்தாத எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். நாகப்பட்டினத்தை மீட்க முடியாமல் சுஃப்ரான் கடலூருக்குத் திரும்பினார். அந்த அளவில் ஹியூஸுக்கே ஆதாயம். ஆனால் கடலூரில் துறைமுகமும் இல்லை, கப்பல் பழுதுபார்க்கும் தளமும் இல்லை. அந்தத் திறந்த கடலிலேயே, சிறிய கப்பல்களின் பாய்மரங்களைப் பெரியவற்றுக்கு மாற்றி, ஆகஸ்ட் 1 அன்று கிளம்பிவிட்டார். ஹியூஸ் சென்னையிலிருந்து புறப்பட்டது ஆகஸ்ட் 20. அந்த இடைவெளியில் சுஃப்ரான் திருகோணமலைக்குப் போய், மாத முடிவில் கோட்டையைப் பிடித்தார். செப்டம்பர் 2 அன்று ஹியூஸ் அங்கே வந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி.

வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்களுக்கு ஒதுங்க இடமில்லை. அந்தப் பக்கத்தில் திருகோணமலை ஒன்றுதான் பத்திரமான இயற்கைத் துறைமுகம். அதை இழந்த ஹியூஸ் பருவமழைக்குப் பம்பாய்வரை போக வேண்டியதாயிற்று.

கேள்வி: கடைசியில் எங்கள் ஊர் யாருக்குப் போனது?

ஆங்கிலேயருக்கு. 1784இல் டச்சுக்காரரோடு செய்த ஒப்பந்தத்தில் நாகப்பட்டினம் அவர்களுக்கு வந்தது, திருகோணமலை டச்சுக்காரருக்குத் திரும்பியது. ஹியூஸும் சுஃப்ரானும் கடைசியாக மோதியது 1783 ஜூன் 20, கடலூருக்கு எதிரே. அங்கே இருபுறமும் சேர்ந்து ஏறத்தாழ 200 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவில் பூர்வாங்க சமாதானம் ஜனவரி 20 அன்றே கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தியோடு கப்பல் கடலூருக்கு வந்தது ஜூன் 29 அன்று.