டி.இ.எல்.சி.யில் திடப்படுத்தல் பெற்ற எனக்கு அமெரிக்க லுத்தரன் சபையில் நற்கருணை தர மறுத்தது ஏன்?

கேள்வி கேட்டவர் டி.இ.எல்.சி.யில் (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஞானஸ்நானம், திடப்படுத்தல் (வகுப்பு முடித்து விசுவாசத்தை அறிக்கையிடும் சடங்கு) எல்லாம் பெற்றவர். வேலைக்காக அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதிக்கு வந்து, வீட்டுக்குப் பக்கத்தில் 'லுத்தரன்' என்று பலகை வைத்த கோயிலுக்குப் போயிருக்கிறார். அப்பமும் ரசமும் கொடுக்கும் நற்கருணை நேரத்தில் மூப்பர் ஒருவர் வந்து, "இன்று ஆசீர்வாதம் மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். நிறம் பார்த்துச் செய்தார்களோ என்பது அவருடைய சந்தேகம்.

அந்த மூப்பரின் மனதை நான் படிக்க முடியாது. ஆனால் அந்த வழக்கத்துக்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. நாலு தலைமுறை ஜெர்மன் வம்சத்து வெள்ளைக்காரர் பக்கத்துத் தெரு இ.எல்.சி.ஏ. (அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபையிலிருந்து வந்திருந்தாலும் இதே பதில்தான் கிடைத்திருக்கும். (அமெரிக்க லுத்தரன் சபைகள் வெள்ளையர் சபைகளாகவே இருப்பது உண்மை. பியூ என்ற ஆய்வு நிறுவனத்தின் 2014 ஆய்வில் இ.எல்.சி.ஏ., மிசோரி சினாட் என்ற இரண்டு பெரிய திருச்சபைகளிலுமே வெள்ளையர் ஏறக்குறைய 95 விழுக்காடு. அது தனிக் கதை.)

நீங்கள் போனது மிசோரி சினாட் அல்லது விஸ்கான்சின் சினாட் என்ற லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்த சபையாக இருக்க வேண்டும். இங்கே 'லுத்தரன்' என்பது ஒரே திருச்சபையின் பெயரல்ல. சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட இ.எல்.சி.ஏ. பெரியது. 1988இல் தொடங்கியபோது ஐம்பது லட்சம் பேருக்கு மேல், இன்று முப்பது லட்சத்துக்கும் குறைவு. செயின்ட் லூயிஸை மையமாகக் கொண்ட மிசோரி சினாடில் இருபது லட்சத்துக்கும் குறைவு. விஸ்கான்சின் இன்னும் சிறியது, இன்னும் கண்டிப்பானது. 1961இல் மிசோரியே தளர்ந்துவிட்டது என்று சொல்லி உறவை முறித்துக்கொண்டவர்கள். பெண் குருவானவர் பீடத்தில் நின்றால் அது மிசோரியும் இல்லை, விஸ்கான்சினும் இல்லை. பாட்டுப் புத்தகத்தின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், இ.எல்.சி.ஏ., மிசோரி இரண்டும் 2006இல் வெளியிட்ட புத்தகங்கள் சிவப்புச் சாயலில்தான் இருக்கின்றன!

அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பதில் இந்தச் சபைகளுக்குள் சண்டை இல்லை. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சண்டை. மிசோரியின் கணக்குப்படி, ஒரு பீடத்தில் முழங்கால் போடுகிறவர் அந்தச் சபையின் முழுப் போதனைக்கும் 'ஆமென்' சொல்கிறார். அதோடு கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் 11ஆம் அதிகாரம். சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாமல் புசிப்பவனுக்கு அது ஆக்கினைத்தீர்ப்பு. முன்பின் தெரியாத ஆளுக்குக் கொடுப்பது அவருக்கே கேடாகலாம் என்று அந்தப் போதகர் உண்மையாகவே பயப்படுகிறார். உங்களை அவமானப்படுத்துவது அவர் நோக்கமல்ல.

இது மிசோரி மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. 'லுத்தரன் பிரசங்க மேடை லுத்தரன் குருமாருக்கே, லுத்தரன் பீடம் லுத்தரன் நற்கருணையாளருக்கே' என்ற 1875ஆம் வருடத்து கேல்ஸ்பர்க் விதியை வகுத்தவர்கள் இன்றைய இ.எல்.சி.ஏ.வின் முன்னோர்கள். அவர்கள் வழிவந்தவர்கள் 1997இல் பிரஸ்பிட்டேரியன் சபையோடும், சில வருடங்களில் எப்பிஸ்கோப்பல் சபையோடும் நற்கருணை ஐக்கியம் செய்துகொண்டார்கள். இப்போது அங்கே ஞானஸ்நானம் பெற்றவர் யாரானாலும் வரலாம். மிசோரி நகரவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த பல மதத்தவர் கூட்டத்தில் மிசோரியின் மாவட்டத் தலைவர் டேவிட் பென்கி ஜெபம் செய்தார். அதற்காகவே அடுத்த வருடம் தற்காலிகமாக நீக்கப்பட்டார். 2003இல்தான் பதவி திரும்பக் கிடைத்தது. தங்கள் தலைவரிடமே இவ்வளவு கறார் என்றால் உங்களிடம் எப்படி இருப்பார்கள்?

பிளவு உண்மையில் ஆழமானது வேதாகமத்தை வாசிக்கும் விதத்தில்தான். யோனாவின் கதை நடந்த சம்பவமா, உவமையா என்பது போன்ற கேள்விகளில் மிசோரியின் குருமார் பயிற்சிக் கல்லூரியான செயின்ட் லூயிஸ் கன்கார்டியா செமினரி கொதித்தது. 1974 பிப்ரவரி 19 அன்று பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் புல்வெளியில் சிலுவைகளை நட்டுவிட்டு வெளியேறினார்கள். வகுப்பு நடத்த இடம் கொடுத்தவர்களில் இயேசு சபைக் கத்தோலிக்கர்களும் உண்டு. லுத்தர் இருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! வெளியேறியவர்களின் கூட்டம்தான் பிறகு இ.எல்.சி.ஏ. உருவாவதில் ஒரு பங்காளி.

இதே சண்டை நம் ஊருக்கும் வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனைச் சேர்ந்த மிஷனெரிகள் நேதர், மோன் இருவரும் வேத ஏவுதல் (வேதாகமம் தேவனால் அருளப்பட்டது என்ற போதனை) விஷயத்தில் தங்கள் மிஷனோடு ஒத்துப்போகாமல் பிரிந்து மிசோரி சினாடில் சேர்ந்தார்கள். 1895இல் கிருஷ்ணகிரிப் பக்கம் அவர்கள் தொடங்கிய ஊழியம்தான் ஆம்பூர், நாகர்கோவில் என்று பரவி ஐ.இ.எல்.சி. (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) ஆனது. ஆம்பூர் கன்கார்டியா பள்ளியின் பெயர் இந்த வழியில் வந்ததுதான். நம் டி.இ.எல்.சி.யோ லைப்சிக் மிஷன் விட்டுச்சென்ற சபை, லுத்தரன் உலக சம்மேளனத்தில் உறுப்பினர். இ.எல்.சி.ஏ.வும் அதில் இருக்கிறது, மிசோரி இல்லை. ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தெரியாமல் பழைய பங்காளிச் சண்டையின் எதிர்வீட்டுக்குப் போய்விட்டீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், மிசோரியின் பயம் நியாயம், முடிவு நியாயமில்லை. திடப்படுத்தல் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த லுத்தரின் சிறிய ஞானோபதேசம், 'உங்களுக்காக' என்ற வார்த்தையை விசுவாசிக்கிறவனே மெய்யாகப் பாத்திரவான் என்கிறது. அங்கே சினாட் எதுவும் வரவில்லை. அந்த ஞானோபதேசத்தையே பிள்ளைகளுக்கு வரிவரியாகக் கற்றுத்தரும் சபை, பீடத்தண்டையில் இன்னொரு நிபந்தனை சேர்ப்பது எனக்கு உறுத்துகிறது.

ஆனால் பிரசங்கத்துக்கு மிசோரிக்காரரைத்தான் தேடிப் போவேன். நான் இருப்பது மின்னசோட்டாவில், உறுப்பினராக இருப்பது இ.எல்.சி.ஏ.வில், இருந்தும் சொல்கிறேன். அவர்களுடைய முதல் தலைவர் வால்தர் 1884-85இல் வெள்ளிக்கிழமை மாலைகளில் மாணவர்களுக்கு எடுத்த வகுப்புகளின் ஒரே பாடம், நியாயப்பிரமாணத்தையும் (நம் பாவத்தைக் காட்டும் தேவ கட்டளை) சுவிசேஷத்தையும் (கிறிஸ்துவால் மன்னிப்பு என்ற நற்செய்தி) கலக்காதே என்பது. அது அவர்கள் இரத்தத்தில் ஊறியிருக்கிறது. முதலில் நியாயப்பிரமாணம் நம்மை அடிக்கும், பிறகு கிறிஸ்து வருவார். சுமாரான போதகர் கையில் இது வாய்ப்பாடாகிவிடும், எந்த நிமிடத்தில் சிலுவை வரும் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லலாம். இருந்தாலும் வரும். இ.எல்.சி.ஏ.வில் நல்ல பிரசங்கம் மிக நல்லதாக இருக்கும். மன்னிப்பைப் பற்றிப் பேசாதே, மன்னிப்பை அறிவி என்று செயின்ட் பால் லுத்தர் செமினரியில் சொல்லிக்கொடுத்த கெர்ஹார்ட் ஃபோர்டே இந்தப் பக்கத்து ஆள்தான். மோசமான ஞாயிறுகளில் கேட்பதோ செய்தித்தாள் தலையங்கம், கடைசியில் 'ஆகவே நாம் இதைச் செய்வோம்' என்று ஒரு வேலைப் பட்டியல். வால்தரிடம் காட்டினால், முழுக்க நியாயப்பிரமாணம் என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

சரி, இனி என்ன செய்யலாம்? நற்கருணை முக்கியம் என்றால் பக்கத்து இ.எல்.சி.ஏ. சபைக்குப் போங்கள், தடை இருக்காது. அதே மிசோரி சபை பிடித்திருந்தால் ஞாயிறு வாசலில் இதைப் பேசாதீர்கள், வாரநாளில் போதகருக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள். தனியாகப் பேசிய பிறகு சேர்த்துக்கொள்ளும் போதகர்களும் உண்டு, உறுப்பினர் வகுப்பு முடித்தால்தான் என்பவர்களும் உண்டு. டி.இ.எல்.சி. என்றால் அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். தரங்கம்பாடி, 1706இல் அங்கே வந்த லுத்தரன் மிஷனெரி சீகன்பால்க் என்று ஆரம்பியுங்கள். லெந்து காலமாக (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) இருந்தால் புதன்கிழமை ஆராதனைக்கு முன் பல சபைகளில் சூப் விருந்து இருக்கும், அறிமுகம் செய்துகொள்ள நல்ல நேரம் அது. அதற்கு யாரும் உறுப்பினர் அட்டை கேட்பதில்லை.