விரிசல் விட்ட வார்ப்பிரும்புப் பாகத்துக்கு லேசர் கிளாடிங் தாங்குமா?

பம்பின் வார்ப்பிரும்பு உறையில் விரிசல் விழுந்திருக்கிறது, லேசர் கிளாடிங் (உலோகத் தூளை லேசரால் உருக்கி மேற்பரப்பில் படியவைக்கும் முறை) செய்தால் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். பராமரிப்புப் பட்டறையில் நெடுநாள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சுவரின் மறுபுறம் வரை ஓடிய விரிசலுக்கு அது முதல் தேர்வு அன்று. தேய்ந்துபோன பேரிங் இருக்கைக்கும், மேலோட்டமான விரிசலைக் கடைந்தெடுத்தபின் மிஞ்சும் பள்ளத்துக்கும் அது மிக நல்ல முறை.

சாம்பல் வார்ப்பிரும்பில் ஏறத்தாழ 2.5 முதல் 4 சதவீதம் வரை கரிமம் உண்டு; அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பரவியிருக்கும். உருகிய இடம் சட்டென்று ஆறினால், கரிமம் மறுபடி கிராஃபைட்டாகப் பிரிய நேரமில்லாமல் இரும்புக் கார்பைடாக உறைந்துவிடுகிறது. அதை ஒட்டிய பகுதி மார்ட்டன்சைட் என்ற கடினமான அமைப்பாக மாறுகிறது. இரண்டும் எளிதில் நொறுங்குபவை. தொழிலுக்கு வந்த புதிதில் நான் சாதாரண எஃகு ராடால் பற்றவைத்த ஓர் உறை, ஆறிக்கொண்டிருக்கும்போதே வெல்டிங்கின் ஓரமாகப் பிளந்த ஒலி இன்றும் நினைவிருக்கிறது.

லேசரில் வெப்பம் சிறு இடத்தில் மட்டும் இறங்குவதால் பாகம் அதிகம் கோணுவதில்லை. ஆனால் அதே காரணத்தால் அந்த இடம் மிக வேகமாகக் குளிர்ந்து, ஒட்டுப்பகுதியில் மெல்லியதாயினும் கடினமான பட்டை உருவாகிறது என்பதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்பவர்கள் குறைவு. நிக்கல் சார்ந்த தூளைக் கேட்டு வாங்குங்கள். நிக்கல் கரிமத்துடன் கார்பைடு ஆகாமல், சுருங்கும்போது இளகிக் கொடுக்கும். பாகத்தை முன்கூட்டியே சூடாக்கி, பின்னர் மெதுவாக ஆறவிடுவதும் அவசியம். பழைய பாகமென்றால் செதில்களின் வழியே எண்ணெய் ஊறியிருக்கும். அதைச் சுட்டு வெளியேற்றாமல் கிளாடிங் செய்தால் படிவு முழுவதும் துளைகளாகிவிடும்.

உங்கள் உறைக்கு மெட்டல் ஸ்டிச்சிங்கையே பரிந்துரைப்பேன். விரிசலில் சாயத்தை ஊறவைத்துப் பார்க்கும் சாயச் சோதனையில் அதன் இரு முனைகளையும் கண்டறிந்து, அங்கே துளையிட்டு விரிசல் மேலும் ஓடாமல் நிறுத்திய பிறகு, குறுக்கே உலோகப் பூட்டுகளையும் விரிசல் நெடுகத் திருகாணிகளையும் இறுக்குவார்கள். வெப்பமே இல்லாததால், வெப்பத்தால் புதிய விரிசல் வர வழியில்லை. வேலை முடிந்ததும் நீரழுத்தச் சோதனை செய்யாமல் உறையைத் திரும்பப் பெறாதீர்கள். மாட்டும்போது குழாய்களின் பாரம் உறைமேல் விழாதபடி தனித் தாங்கிகள் கொடுங்கள். நான் பார்த்த உறை விரிசல்களில் பல அந்த இழுவையால் வந்தவை.