அது பூனையின் வால் அல்ல

கேள்வி: ‘டாட் கேட்’ என்று முடியும் இணைய முகவரிகள் கண்ணில் படுகின்றன. பூனைப் பிரியர்களுக்கு என்றே ஒதுக்கியதா?

பதில்: நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் ராத்திரி அந்த மாதிரி ஒரு முகவரிக்குள் போனேன். பூனை வரவில்லை, அகராதி வந்தது. கத்தலன் மொழி அகராதி! வந்தது வந்தோம் என்று, பூனைக்கு அந்த மொழியில் என்ன சொல் என்று பார்த்தேன். ஜி-யில் தொடங்குகிறது, சி-யில் அல்ல. ஆக, அந்த மக்களுக்கு முகவரியின் இந்த வாலில் பூனை வாடையே அடிக்காது.

ஒரு மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்றே கிடைத்த முதல் வால் இதுதான். கத்தலன் பேசுகிறவர்கள் ஸ்பெயினில் பார்சிலோனா பக்கம் மட்டும் இல்லை; வலென்சியா, பலேரிக் தீவுகள், அண்டோரா, பிரான்ஸின் தென்கோடி, சார்டீனியாவில் அல்கேரோ என்ற ஊர் வரை சிதறிக் கிடக்கிறார்கள். இரண்டெழுத்து வால் நாடுகளுக்குத்தான். அதனால் ‘எங்கள் நாட்டுக்கு’ என்று கேட்காமல் ‘எங்கள் மொழிக்கு’ என்று கேட்டார்கள். கெட்டிக்காரத்தனம். இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் 2005-ல் ஒப்புக்கொண்டது. 2006-ல் புழக்கத்துக்கு வந்தது. வாங்குகிறவர் கத்தலனில் எழுத வேண்டும், அல்லது அந்தப் பண்பாட்டோடு தொடர்பு காட்ட வேண்டும்.

எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கத்தலனில் சில சொற்களில் இரண்டு ‘எல்’ எழுத்துக்கு நடுவே, பாதி உயரத்தில் ஒரு புள்ளி மிதக்கும். அந்தப் புள்ளியை முகவரியிலேயே வைத்துக்கொள்ளலாம். சர்வதேச விதியில் அதற்கென்று தனி வரியே இருக்கிறது: இரண்டு எல்லுக்கு நடுவே மட்டும் செல்லும், வேறெங்கும் செல்லாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தே பழகிய நமக்கு இந்தப் பிடிவாதம் புரியும்.

2017 அக்டோபர் 1-ல், பார்சிலோனா இருக்கும் கத்தலோனியாவில் தனிநாட்டு வாக்கெடுப்பு என்று அறிவித்தபோது, அதற்குப் பதினோரு நாள் முன்பு ஸ்பெயின் காவல்துறை இந்த வாலை நிர்வகிக்கும் அலுவலகத்துக்குள் புகுந்து சோதனை போட்டது. தொழில்நுட்பப் பொறுப்பாளரைக் கைது செய்தது. வாக்கெடுப்புத் தளங்களை முடக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு. முகவரியில் மூன்றெழுத்து, அதற்கு இத்தனை பாடு.

கேள்வி: நாடே இல்லாமல் போனால் அதன் வால்?

பதில்: சில ஒட்டிக்கொண்டே இருக்கும். சோவியத் யூனியனுக்கு 1990-ல் ‘எஸ்-யு’ கொடுத்தார்கள், அடுத்த ஆண்டே நாடு கலைந்தது. வால் இன்றும் துடிக்கிறது. யூகோஸ்லாவியாவின் ‘ஒய்-யு’ 2010-ல் நீக்கப்பட்டது. எது நாடு, எது இல்லை என்று தீர்ப்பு சொல்வது எங்கள் வேலையல்ல என்று 1994-லேயே, அப்போது இணையப் பெயர்களைக் கவனித்துவந்த ஜான் போஸ்டல் எழுதிவைத்துவிட்டார். அதனால் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் நாட்டுப் பட்டியல்தான் அடிப்படை. இந்தப் பட்டியல் வேல்ஸ்காரர்களையும் இடித்தது: அவர்கள் கேட்க நினைத்த ‘சி-ஒய்-எம்’ கேமன் தீவுகளின் மூன்றெழுத்துக் குறியீடு. அப்புறம் தங்கள் மொழியில் நாட்டின் முழுப்பெயரையே, ‘கம்ரி’ என்று, வாங்கிக்கொண்டார்கள்.

கேள்வி: ‘டாட் டிவி’ தொலைக்காட்சிக்குத்தானே?

பதில்: துவாலுவுக்கு. பசிபிக்கில் இருக்கும் குட்டி நாடு. அந்த இரண்டெழுத்தை வாடகைக்கு விட்டே கஜானாவுக்குக் கணிசமாகச் சேர்க்கிறது.

கேள்வி: சரி, தமிழுக்கு வால் உண்டா?

பதில்: தமிழ் எழுத்தில் மூன்று உண்டு: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். கவனியுங்கள், மூன்றும் நாடுகளின் பெயர். ‘.தமிழ்’ என்று ஒன்று இல்லை. பிரான்ஸின் பிரெட்டன், ஸ்பெயின் பக்கத்து பாஸ்க், கலீசியன் மொழிக்காரர்கள், புது வால்களுக்கு ஐகான் விண்ணப்பம் வாங்கிய 2012 சுற்றில் விண்ணப்பித்துத் தங்கள் வாலைப் பெற்றார்கள். பிரெட்டன் பேசுகிறவர்கள் தமிழ் பேசுகிறவர்களில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேற மாட்டார்கள்.

அப்போது விண்ணப்பக் கட்டணம் 1,85,000 டாலர். 2026 சுற்றுக்கு 2,27,000. அது வாசல் கட்டணம்தான், வருடாவருடச் செலவு தனி. ஆனால் பணத்தைவிட, யார் கையில் கொடுப்பது என்பதுதான் சிக்கல் என்பது என் கட்சி. கத்தலன் வாலை அந்தப் பண்பாட்டு அமைப்புகள் கூடி அமைத்த ஓர் அறக்கட்டளை வைத்திருக்கிறது. லாபத்துக்காக யாரோ ‘.தமிழ்’ வாங்கி, வந்தவர்க்கெல்லாம் விற்றால் அதில் தமிழ் இருக்குமா என்ன? அதற்கு இல்லாமலே இருக்கலாம்.

இருக்கிற மூன்றுக்கே இன்னும் முழு மரியாதை கிடைத்தபாடில்லை. தமிழ் எழுத்தை இயந்திரம் ‘எக்ஸ்-என்’ என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றித்தான் புரிந்துகொள்ளும். அது அதன் உள்விவகாரம், நமக்குத் தெரியவேண்டியதில்லை. ஆனால் போன மாதம் ஒரு படிவத்தில் தமிழ் வாலோடு மின்னஞ்சல் முகவரி கொடுத்தேன். ‘சரியான முகவரியை உள்ளிடவும்’ என்று சிவப்பு எழுத்தில் திட்டியது. அதையும் நல்ல தமிழில்.