கையில் இருக்கும் துண்டுகளைத் தெரிந்துகொள்ளும் ஆப்

கேள்வி: லெகோ பிரிக்குகளில் சொந்தமாக உருவங்கள் கட்டுகிறவர்களுக்காக ஒரு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். கையில் என்னென்ன துண்டுகள் இருக்கின்றன என்று சொன்னால், ஆப்பே முழு டிசைனையும் போட்டுத் தர வேண்டும் என்பது என் திட்டம். பல வருடமாகக் கட்டுகிறவர் என்ற முறையில் உங்கள் கருத்து என்ன?

பதில்: முழு டிசைனையும் ஆப் போட்டுத் தர வேண்டாம். ஒரே நிறத்தில் இரண்டுக்கு நான்கு பிரிக் (மேலே இரண்டு வரிசையில் நான்கு நான்கு குமிழ் உள்ளது) ஆறு இருந்தாலே, அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் சேர்க்கலாம். அதில் எது வேண்டும் என்பது கட்டுகிறவருக்குத்தான் தெரியும். அதைத் தேடுவதில்தான் அவருக்குச் சந்தோஷமே இருக்கிறது. அதை அவரிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள். நம்மில் யாருக்கும் யோசனைக்குப் பஞ்சம் கிடையாது. பாதி கட்டிய பிறகு ஏதோ ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு விழிக்கிறோமே, உங்கள் ஆப் அங்கேதான் வர வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டின் முன்சுவரில் ஜன்னலைச் சுற்றி அலங்காரம் வைக்க, பிரிக்குகளைப் பக்கவாட்டில் திருப்புகிறேன். ஸ்டட் என்கிற மேல் குமிழ் ஒன்றிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ. பிரிக்கின் உயரமோ 9.6 மி.மீ., பிளேட் என்கிற தட்டைத் துண்டு 3.2 மி.மீ. திருப்பியதும் உயரம் அகலமாகிவிடுவதால் எங்கேயாவது ஒரு சின்ன இடைவெளி விழும். ஆனால் ஐந்து பிளேட் அடுக்கினால் சரியாக 16 மி.மீ., அதாவது இரண்டு ஸ்டட். மூன்று பிளேட் ஒரு பிரிக்குக்குச் சமம் என்பதால் ஒரு பிரிக்கும் இரண்டு பிளேட்டும் போதும். இந்தக் கணக்குப் பிடிபட்டவருக்குப் புது உலகமே திறக்கும். திரையில் அந்த இடைவெளியைத் தொட்டால், "இதை அடைக்க உங்களிடம் உள்ள துண்டுகளில் இந்த மூன்று வழி இருக்கிறது" என்று ஆப் காட்டட்டும். எனக்கு அப்படி ஒன்று கிடைத்தால் தினமும் திறப்பேன்.

துண்டுகளை நீங்களே வரையத் தொடங்காதீர்கள். ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் தொடங்கிய எல்டிரா (LDraw) என்ற, லெகோ துண்டுகளின் கணினி வடிவங்கள் அடங்கிய நூலகம் இருக்கிறது, உரிம விதிகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். அதன் அலகு 0.4 மி.மீ. அந்தக் கணக்கில் ஸ்டட் இடைவெளி 20, பிரிக் 24, பிளேட் 8. தசமப் புள்ளியே வராது, புரோகிராம் எழுதுகிற உங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அப்புறம், துண்டுகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்யச் சொன்னால் பாதியில் ஓடிவிடுவார்கள். செட் எண்ணைக் கொடுத்தால் பட்டியல் தானாக வரட்டும். தொலைந்ததையும் உடைந்ததையும் கழிக்க வழி வையுங்கள். நிறத்தை மறக்காதீர்கள்: எல்லாத் துண்டும் எல்லா நிறத்திலும் தயாராவதில்லை. திரையில் ஊதா நிறத்தில் அழகாகக் கட்டிவிட்டு, அந்தத் துண்டு ஊதாவில் வரவே இல்லை என்று கடைசியில் தெரிந்தால் மனசு விட்டுப்போகும்.

கேள்வி: அப்படியென்றால் செய்முறைப் பக்கமே வேண்டாமா?

பதில்: வேண்டும், கட்டி முடித்த பிறகு. தன் படைப்பை இன்னொருவரும் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. படிகளின் வரிசையை ஆப் ஒருமுறை போட்டுத் தரட்டும், மாற்றும் உரிமை கட்டியவரிடமே இருக்கட்டும். ஒரு படியில் நாலைந்து துண்டுக்கு மேல் வேண்டாம். புதிதாக வைத்த துண்டைச் சுற்றி ஒரு நிறக்கோடு போட்டுவிடுங்கள், கறுப்பின் மேல் கறுப்பு வரும்போது அது இல்லாமல் எதுவும் தெரியாது.