பைக்கில் பின்பெட்டி மாட்டியதும் 80 கி.மீ. வேகத்தில் ஹேண்டில் ஆடுகிறது என்றவருக்கு

பெட்டியை மாற்ற வேண்டாம். அதற்குள் இருக்கும் 15 கிலோவைக் கீழே இறக்குங்கள். துணி, ஸ்பேனர்கள், தண்ணீர் எல்லாம் இருக்கையின் இருபுறமும் தொங்கும் பைகளுக்குப் போகட்டும். பின்பெட்டிக்கு மழைக்கோட்டும் சாப்பாடும் போதும். பெட்டியின் அடியில் எடை வரம்பு அச்சிட்டிருக்கும், பாருங்கள். பலவற்றில் அது 10 கிலோவைத் தாண்டாது.

பெட்டி பின்சக்கர அச்சுக்கும் பின்னால், உயரத்தில் நிற்கிறது. அங்கே ஏறும் எடை, நெம்புகோல் போல முன்சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது. தாம்பரத்திலிருந்து அலுவலகம் போகும் நெரிசலில் இது தெரியாது; வேகமெடுக்கும் திண்டிவனம் சாலையில் தெரிந்துவிடும்.

1. பெட்டியைக் காலி செய்து, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் எடைதான் குற்றவாளி. ஆடினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள்.

2. நிற்கவில்லையா? டயர்களில் காற்று பாருங்கள். பிறகு கோன்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்: சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லுங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் 'டக்' என்று கையில் தட்டுகிறதா? மெக்கானிக்கிடம் போங்கள்.

இன்னொன்று: சைலன்சர் பக்கத்துப் பை அதைத் தொடக் கூடாது. என் பையின் அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு உருகிய ஓட்டை; உள்ளே இருந்தது புது வேட்டி. நீங்கள் போகும் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, இரு பைகளின் எடையும் சமமாக இருக்கட்டும்.