மேனேஜர் வீட்டு குக்அவுட்டும் ஒரு ஜாடி லெமனேடும்

தம்பி கேட்டிருப்பது இதுதான். அமெரிக்கா வந்து நான்கு மாதம் ஆகிறது. ஜூலையில் ஒரு சனிக்கிழமை மேனேஜர் வீட்டு பேக்யார்டில் குக்அவுட், அதாவது வெட்டவெளியில் க்ரில் மூட்டிச் சமைத்துச் சாப்பிடும் விருந்து. யார் யார் என்ன கொண்டுவருவது என்ற பட்டியலில் இவர் பெயருக்கு நேரே ‘ஸ்பைக்டு லெமனேட்’ என்று யாரோ எழுதிவிட, இவரும் தலையாட்டிவிட்டார். பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கூடவே குழந்தைகள். இவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது. எப்படிப் போடுவது, சரக்கு எவ்வளவு ஊற்றுவது, நான் மட்டும் குடிக்காமல் இருந்தால் தப்பாக நினைப்பார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நினைக்க மாட்டார்கள். மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் நான் ஒருமுறை நன்றாகவே சறுக்கியிருக்கிறேன்.

ஸ்பைக்டு என்றால் மது சேர்த்தது, அவ்வளவுதான். ஆனால் குடிப்பவருக்கே தெரியாமல் அவர் கோப்பையில் எதையாவது கலந்துவிடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். பானத்தின் ஆபத்தும் அதுவேதான்: புளிப்பும் இனிப்பும் குளிர்ச்சியும் சேர்ந்து வோட்காவை ஆளே தெரியாமல் மறைத்துவிடும்.

நான் வந்த இரண்டாவது கோடையில் இதேபோல ஒரு கூட்டம். அடியில் குழாய் வைத்த பெரிய கண்ணாடி ஜாடி வாங்கி, லெமனேட் போட்டு, வோட்கா பாட்டிலை அப்படியே கவிழ்த்து, மேலே பழ வட்டங்களை மிதக்கவிட்டுக் கொண்டுபோய் வைத்தேன். வெயில் பட்டு மின்னியது, எனக்கே பெருமையாக இருந்தது. பக்கத்து மேசையில் குழந்தைகளுக்கான லெமனேட் இருந்தது. அதே நிறம், கிட்டத்தட்ட அதே ஜாடி. ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி ஓடியாடி வியர்த்து வந்தவள், தன் சிவப்பு பிளாஸ்டிக் கோப்பையை என் ஜாடிக் குழாயின் கீழே பிடித்தாள். பாதி நிரம்பியும்விட்டது. க்ரில் பக்கம் நின்ற அவள் அப்பா, கையில் இடுக்கியோடு ஓடிவந்து கோப்பையைத் தட்டிவிட்டார். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கார அம்மா மாஸ்கிங் டேப்பில் ‘பெரியவர்களுக்கு மட்டும்’ என்று எழுதி ஜாடியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அன்றிலிருந்து நான் ஜாடியில் மது கலப்பதே இல்லை. ஜாடியில் வெறும் லெமனேட். பக்கத்தில் மூடிபோட்ட வோட்கா பாட்டில், அளவுக் கோப்பை. வேண்டியவர்கள் தங்கள் கோப்பையில் தாங்களே ஊற்றிக்கொள்ளட்டும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வண்டி ஓட்ட வேண்டியவர்கள், குடியை விட்டுவிட்டு அதைப் பற்றிப் பேச விரும்பாதவர்கள் என எல்லாருக்கும் ஒரே ஜாடி போதும். உங்களுக்கு இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. குடிக்காத நீங்கள், மது கலந்த ஜாடியை ருசி பார்த்து எப்படிச் சரிசெய்வீர்கள்? வெறும் லெமனேட் என்றால் கடைசிச் சொட்டு வரை உங்கள் நாக்கே நீதிபதி.

சட்டத்துக்கும் இதுதான் ஒத்துவரும். வீட்டிலேயே கலந்து ஜாடியைப் பின்சீட்டில் வைத்து ஓட்டிப்போனீர்கள் என்றால், பெரும்பாலான மாநிலங்களில் அது ‘ஓப்பன் கன்டெய்னர்’ குற்றம். நீங்கள் ஒரு சொட்டும் குடித்திருக்க வேண்டியதில்லை. காரில் ஆள் உட்காரும் பகுதியில் திறந்த மது இருந்தாலே போதும். கடையில் வாங்கிய பாட்டிலை சீல் உடைக்காமல் டிரங்கில் வையுங்கள். வாங்கப் போகும்போது பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். நாடு முழுக்க 21 வயதுக் கணக்குதான். முப்பது தாண்டிய முகத்தைப் பார்த்தும் அடையாள அட்டை கேட்பார்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள். வோட்கா எங்கே கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கும். பென்சில்வேனியாவில் மாநில அரசு நடத்தும் கடைக்குத்தான் போக வேண்டும். குக்அவுட் கடைசி நேரத்தில் பூங்காவுக்கு மாறினால் அந்தப் பூங்காவில் மது அனுமதி உண்டா என்று பார்த்துவிடுங்கள், பல இடங்களில் கிடையாது.

இனி லெமனேட். பழத்திலிருந்தே குழப்பம் ஆரம்பிக்கும். நாம் எலுமிச்சை என்று பழகிய சின்ன உருண்டைப் பழம் இங்கே லைம் வகை. லெமன் என்பது முட்டை வடிவில், தடித்த மஞ்சள் தோலோடு இருக்கும் பெரிய பழம். இதற்கு வேண்டியது லெமன். மேயர் லெமன் என்று ஆரஞ்சுச் சாயலில் மெல்லிய தோலோடு ஒன்று கிடைக்கும். வாசனை பிரமாதம், ஆனால் புளிப்பு குறைவு. அதை மட்டும் நம்பிப் போட்டால் சர்க்கரைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும்.

பன்னிரண்டு பேருக்கு 11 அல்லது 12 லெமன் வாங்குங்கள். பழத்துக்கு ஏறக்குறைய 45 மில்லி சாறு என்று வைத்தால் இரண்டு கப், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். நன்றாகக் கழுவி, ஆறு பழத்தின் தோலை மட்டும் காய் சீவும் கருவியால் நீள நீளமாகச் சீவுங்கள். மஞ்சள் மட்டும் வர வேண்டும், அடியில் உள்ள வெள்ளை கசக்கும். அந்தத் தோல் துண்டுகளை ஒன்றரை கப் சர்க்கரையில், அதாவது 300 கிராமில் போட்டு விரலால் நன்றாகப் பிசிறி, மூடி வைத்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை ஈர மணல் மாதிரி நனைந்து, தோல் சுருண்டு கிடக்கும். தோலில் இருந்த எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொண்டுவிட்டது. மூடியைத் திறந்ததும் வரும் வாசனை இருக்கிறதே, வெறும் சாற்றில் அது ஒருநாளும் வராது. இந்த ஒரு வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள்.

அதன் மேல் ஒன்றரை கப் கொதிநீரை ஊற்றிக் கரைத்து, தோலை வடிகட்டி எறிந்துவிடுங்கள். சர்க்கரை குளிர்ந்த தண்ணீரில் சீக்கிரம் கரையாமல் அடியில் தங்கும், மதுவிலும் சரியாகக் கரையாது. அதனால் பாகாகச் செய்துவிடுவதுதான் வழி. இதை முந்தின நாளே செய்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சாற்றை மட்டும் அன்று காலையில் பிழியுங்கள், ஒரு நாள் தாண்டினால் அதன் துடிப்பு போய்விடும். பிழிவதற்கு முன் பழத்தை மேசையில் உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் சாறு தாராளமாக வரும். சல்லடையில் வடிகட்டாமல் ஊற்றினால் கூட்டத்துக்கு நடுவில் ஜாடிக் குழாயில் விதை அடைத்துக்கொள்ளும்.

சாறு, பாகு, ஒரு சிட்டிகை உப்பு, ஆறு கப் குளிர்ந்த தண்ணீர். கலந்து, குளிரவைத்த பிறகுதான் ருசி பாருங்கள். குளிர்ந்ததும் இனிப்பு அமுங்கித் தெரியும், வெதுவெதுப்பாக இருக்கும்போது வைக்கும் கணக்கு தப்பிவிடும். கொஞ்சம் தூக்கலாக, புளிப்பும் இனிப்பும் உறைக்கிற மாதிரி இருந்தால் சரி. ஐஸும் வோட்காவும் சேர்ந்தால் இறங்கிவிடும். தேவைப்பட்டால் இன்னொரு கப் தண்ணீர் அங்கே போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஐஸைக் கோப்பையில்தான் போட வேண்டும், ஜாடியில் அல்ல. பழ வட்டங்களை முந்தின இரவே மிதக்கவிட்டால் தோல் ஊறிக் கசந்துவிடும், அங்கே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். இங்கே கூட்டங்களில் தகர வாளி மாதிரி ஒன்றில் ஐஸ் நிரப்பிப் பாட்டில்களைச் செருகி வைப்பார்கள். அழகாக இருக்கிறதே என்று லெமனேடை அதில் ஊற்றிவிடாதீர்கள். துத்தநாகம் பூசிய பாத்திரம் அது, புளிப்பு பட்டால் துத்தநாகம் பானத்தில் இறங்கும். கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் ஜாடியே நல்லது.

வோட்காதான் இதற்குச் சுலபம், அதற்கென்று தனிச் சுவை கிடையாது. கோப்பைக்கு ஒன்றரை அவுன்ஸ், அதாவது 44 மில்லி. இங்கே ‘ஸ்டாண்டர்ட் டிரிங்க்’ என்பார்கள், 14 கிராம் ஆல்கஹால். ஐந்து சதவீத பீர் 12 அவுன்ஸ் கேன் ஒன்றில் இருப்பதும் இதே அளவுதான். வித்தியாசம் என்னவென்றால், பீரை அரைமணி நேரம் கையில் வைத்திருப்பவர் வெயிலில் லெமனேடை ஐந்து நிமிடத்தில் காலி செய்துவிட்டு அடுத்த கோப்பைக்கு வருவார். 750 மில்லி பாட்டிலில் இந்த அளவில் 17 கோப்பை வரும், உங்கள் கூட்டத்துக்கு ஒரு பாட்டில் தாராளம். அளவுக் கோப்பையை ஒரு நூலால் பாட்டில் கழுத்தில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் அது காணாமல் போய், ஆளாளுக்குக் கண் அளவில் ஊற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

வெயிலில் உட்கார்ந்து பழம் பிழியாதீர்கள். இதுவும் பட்டுத் தெரிந்துகொண்டதுதான். லைம், லெமன் தோலிலும் சாற்றிலும் உள்ள ஒரு பொருள் கையில் பட்டு அதன் மேல் வெயில் விழுந்தால் தோல் வெந்துபோகும். லைம் இதில் மோசம். உடனே தெரியாது, மறுநாள்தான் சிவக்கும், அடுத்த ஓரிரு நாளில் கொப்புளம்கூட வரும். எனக்கு வலது கையில் விரலிடுக்கு முழுக்கக் கறுத்துப்போய், அந்தக் கறுப்பு போக வாரக்கணக்கில் ஆனது. வீட்டுக்குள்ளேயே பிழிந்து, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வெளியே போங்கள்.

குடிக்காமல் இருப்பது பற்றி. யாராவது நீட்டினால் ‘ஐம் குட், தேங்க்ஸ்’ என்றால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். நாம்தான் மதம், உடம்பு, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு என்று விளக்கம் ஆரம்பித்து அவர்களைச் சங்கடப்படுத்துகிறோம். கையில் வெறும் லெமனேட் கோப்பை இருந்தால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். நீங்களும் வேறு யாரிடமும் ‘ஏன் குடிக்கவில்லை’ என்று கேட்டுவிடாதீர்கள்.

ஒருவேளை மனம் மாறி ஒரு கோப்பை குடித்துப் பார்த்தால், அன்று கார்ச் சாவியைத் தொடாதீர்கள். சட்ட வரம்பு ரத்தத்தில் 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. பழக்கமில்லாத உடம்பில் அது எப்போது தாண்டும் என்று உங்களுக்கே தெரியாது. விசாவில் இருப்பவர்களுக்கு இதில் இன்னொரு கத்தியும் தொங்குகிறது. 2015 முதல், குடித்து ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, பாஸ்போர்ட்டில் இருக்கும் விசாவை ரத்து செய்யத் தூதரகங்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் பிறகு ஊருக்குப் போனால் புது விசா இல்லாமல் திரும்பி வர முடியாது.

கிளம்பும்போது மிச்சம் இருக்கும் பாட்டிலைத் திருப்பி எடுத்துவராதீர்கள். திறந்த பாட்டில், மறுபடி அதே கார்ச் சட்டம். வீட்டுக்காரரிடமே கொடுத்துவிடுங்கள், அதுதான் இங்கே வழக்கமும்கூட. ஜாடியை மட்டும் கையோடு கழுவி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையது இரண்டு, இன்னமும் யார் வீட்டு கராஜிலோ இருக்கின்றன.