மலையிறங்கிய பின் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஏழு வாரங்கள் நீண்ட இமயமலையேற்றம் ஒன்றை முடித்து மூன்று வாரங்களுக்கு முன் திரும்பினேன். அடிவார முகாமில் காலையில் கூடாரத்தைச் சுருட்டினோம், ஹெலிகாப்டர் வந்தது, மறுநாள் இரவு என் கட்டிலில் படுத்திருந்தேன். உச்சியைத் தொட்டுவிட்டதில் நிறைவுதான். ஆனாலும் இன்றுவரை வீட்டில் விருந்தாளியைப் போலவே இருக்கிறேன். யார் எதைக் கேட்டாலும் எரிச்சல் வருகிறது, மூட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. ஏறியதை விரிவாக எழுதுகிறவர்கள் திரும்பியதை ஏன் இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் ‘மறுநாள் இரவு’ என்ற இரு சொற்களில்தான் என் கண் நின்றது. 1953 மே 29 அன்று எவரெஸ்டின் உச்சியில் நின்ற டென்சிங்கும் ஹிலாரியும் காட்மாண்டுவை அடைந்தபோது ஜூன் மாதத்தின் மூன்றாவது வாரம். செய்தி ஜூன் 2 அன்றே லண்டன் நாளிதழில் வந்துவிட்டது; ஏறியவர்களோ மழைக்காலத் தொடக்கத்தில் சேற்றிலும் அட்டைகளுக்கு நடுவிலும் நடந்துகொண்டிருந்தார்கள். தமக்கு ‘சர்’ பட்டம் கிடைத்திருப்பதை வழியில் கைக்கு வந்த ஒரு கடிதத்தின் முகவரியைப் பார்த்துத்தான் ஹிலாரி அறிந்தார். இருவரில் யார் கால் முதலில் பட்டது என்ற சச்சரவும் அந்தத் திரும்பும் வழியில்தான் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஊர் கொஞ்சம் கொஞ்சமாக எதிரே வந்தது என்று சொல்லலாம். உங்களுக்கு அது ஒரே இரவில் மொத்தமாக வந்து இறங்கியிருக்கிறது.

உடலுக்கு ஹெலிகாப்டர் கிடையாது. 5,300 மீட்டர் உயரத்தில், ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கிறது. அதை ஈடுகட்ட வாரக்கணக்கில் கூடுதலாக உருவான சிவப்பணுக்கள் பழைய அளவுக்குக் குறையவும் வாரக்கணக்கில் ஆகும். நான் ஏறியவை சிறிய மலைகள்தாம் என்றாலும் ஒன்றைக் கண்டிருக்கிறேன். கயிற்றைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் நுனியில் விழுந்த வெடிப்பு மேலே இருந்த நாள் முழுக்க ஆறாது. எந்தக் களிம்புக்கும் மசியாது. மரங்கள் தொடங்கும் உயரத்துக்குக் கீழே நடந்த நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வாரைக் கட்டும்போது வலிக்கவில்லையே என்று பார்த்தால், தோல் மூடியிருந்தது. நடந்து இறங்குகிறவருக்கு ஈரமண்ணின் வாசனையும் அடர்ந்த காற்றும் முதல் அந்நிய முகமும் ஒவ்வொன்றாகத்தான் வருகின்றன.

இதனால் நடந்து திரும்புவது இனிமையானது என்று நான் சொல்லவரவில்லை. 1950 ஜூன் 3 அன்று அன்னபூர்ணாவின் உச்சியை அடைந்த பிரெஞ்சு மலையேறிகள் எர்சோகும் லாஷெனாலும் பனிக்கடியால் நடக்க முடியாமல், வாரக்கணக்கில் மழையில் சுமந்து செல்லப்பட்டார்கள். கருகிய விரல்களை மருத்துவர் வழியிலேயே, ரயிலிலும்கூட, வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் ஹெலிகாப்டரைப் பழித்திருந்தால் என்னை அடித்திருப்பார்கள்.

எழுதுகிறவர்கள் ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உச்சியோடு கதை முடிந்தது என்று வாசகர் நினைப்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, என் கணிப்பில், சோர்வு: ஏறும்போது நாளுக்கு இரண்டு பக்கம் நிரம்பிய குறிப்பேட்டில் இறங்கும்போது தேதிகூட இருப்பதில்லை. மேலே ஒரே கயிற்றில் கட்டுண்டிருந்ததால் அடக்கி வைத்த மனத்தாங்கல்கள் வெளிவருவதும் இறங்கும் வழியில்தான். அவற்றை அச்சில் ஏற்ற யாரும் விரும்புவதில்லை.

ஆகவே விசாரிப்பவர்களிடம் இப்போதைக்குச் சுருக்கமாகவே பேசுங்கள். அதில் மரியாதைக்குறைவு ஒன்றுமில்லை. அந்தக் கடைசி இரண்டு நாட்களை மட்டும், மறப்பதற்குள், மணிவாரியாக எழுதிப் பாருங்கள். மூட்டையை எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம். ஆனால் கூடாரத்தை இந்த வாரமே வெளியே எடுத்து நிழலில் உலர்த்திவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டியிருந்தால் இந்நேரம் பூசணம் பிடிக்கத் தொடங்கியிருக்கும்.